எடை கேட்ட மனிதர்
பக்மின்ஸ்டர் ஃபுல்லர் விட்டுச்சென்ற கூடுகளும் கேள்வியும்

1976 மே 20. கனடாவின் மான்ட்ரியால் நகரில், 62 மீட்டர் உயரமுள்ள உருண்டைக் கட்டடம் ஒன்று தீப்பற்றியது. பராமரிப்புக்காக நடந்த வெல்டிங் வேலையில் தெறித்த பொறி, கட்டடத்துக்கு மேல்தோலாக இருந்த அக்ரிலிக் தகடுகளில் பிடித்துக்கொண்டது. சுமார் அரை மணி நேரத்தில் தோல் முழுவதும் எரிந்து தீர்ந்தது. தீ அடங்கியபோது உள்ளே இருந்த எஃகுக் கூடு வளையாமல், சாயாமல் அப்படியே நின்றது. இன்றும் நிற்கிறது. 1995 முதல் அதற்குள் சுற்றுச்சூழல் அருங்காட்சியகம் இயங்குகிறது.

1967ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக அமெரிக்க அரங்கமாக எழுப்பப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ரிச்சர்ட் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். அவரும் அவருடைய கூட்டாளி ஷோஜி சடாவோவும் சேர்ந்து செய்த வேலை அது. ஃபுல்லர் கட்டடக் கலைப் பள்ளி எதிலும் படித்தவரல்ல. ஹார்வர்டிலிருந்து இரண்டு முறை வெளியேற்றப்பட்டவர். பிற்காலத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் அமைப்புகள் இரண்டுமே தம் தங்கப் பதக்கங்களை அவருக்கு அளித்தன. 28 அமெரிக்கக் காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன.

அவருடைய கார் சந்தைக்கு வரவில்லை. அவருடைய வீடு விற்கவில்லை. அவர் பாணியில் எழுந்த கூரைகள் பல ஒழுகின. ஆனாலும் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்பும் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் சூழலியலாளர்களும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். இதற்குக் காரணம் அவர் வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்திருந்த ஒரே கேள்வி: குறைந்த பொருளைக் கொண்டு எவ்வளவு அதிகமான மக்களுக்குப் பயன் தர முடியும்?

பட்டாணியும் பல்குச்சியும்

1895 ஜூலை 12 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்டன் நகரில் ஃபுல்லர் பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பெண்ணுரிமைச் சிந்தனையாளர் மார்கரெட் ஃபுல்லர் அவருடைய தாத்தாவின் சகோதரி. குழந்தைப் பருவத்தில் அவருக்குப் பார்வை மிக மங்கல். மழலையர் பள்ளியில் உலர்ந்த பட்டாணியையும் பல்குச்சிகளையும் கொடுத்து வீடு செய்யச் சொன்னபோது, மற்ற பிள்ளைகள் கண்ணால் கண்ட சதுர வீடுகளைச் செய்தார்கள். கண்ணை நம்ப முடியாத ஃபுல்லர் விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். சதுரம் நசுங்கியது, முக்கோணம் நசுங்கவில்லை. எனவே முக்கோணங்களாலேயே கட்டினார். இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

கோடை காலங்களில் குடும்பம் மேய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள பேர் தீவுக்குப் போகும். படகும் பாய்மரமும் கயிறும் அவருக்கு அங்கேதான் பழகின. பாய்மரக் கப்பலில் சுமைக்கு ஒரு கம்பம், இழுப்பதற்குச் சில கயிறுகள், காற்றைப் பிடிக்க ஒரு துணி. வேண்டாத கனம் எதற்கும் இடமில்லை. ஹார்வர்டிலிருந்து அனுப்பப்பட்டபோது குடும்பத்தார் அவரைக் கனடாவின் ஷெர்புரூக்கில் ஒரு பஞ்சாலைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எந்திரங்களைப் பொருத்துவதையும் பழுது பார்ப்பதையும் அங்கே கற்றார். முதல் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தார். கடலில் கவிழும் விமானங்களிலிருந்து விமானிகளைத் தூக்கி எடுக்க ஒரு கம்பமும் உருளையும் கொண்ட கருவியைச் செய்தார். கப்பல் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு பவுண்டு எடைக்கும் கணக்கு வைக்கிறார்கள், வீடு கட்டுகிறவர்கள் வைப்பதில்லை. இந்த வேறுபாடு அவரைக் கடைசிவரை விடவில்லை.

1917இல் ஆன் ஹ்யூலெட்டை மணந்தார். மறு ஆண்டு பிறந்த மகள் அலெக்சாண்ட்ரா, நோய்களால் தொடர்ந்து வாடி, நான்காவது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு 1922இல் இறந்தாள். குளிரும் ஈரமும் நிறைந்த மோசமான வீடுகளும் குழந்தையின் சாவுக்குக் காரணம் என்று ஃபுல்லர் நம்பினார். கட்டடக் கலைஞரான மாமனார் ஜேம்ஸ் மன்ரோ ஹ்யூலெட்டுடன் சேர்ந்து, இலகுவான கட்டுமானக் கட்டிகள் தயாரிக்கும் நிறுவனத்தை நடத்தினார். 1927இல் அது கைநழுவியது. கையில் பணமில்லை, இரண்டாவது மகள் அலெக்ரா அந்த ஆண்டுதான் பிறந்திருந்தாள்.

சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் உயிரை விட நின்றதாகவும், ‘உன் உயிர் உன்னுடையது மட்டுமல்ல’ என்ற எண்ணம் தன்னைத் தடுத்ததாகவும் பிற்காலத்தில் அவர் சொல்வார். இது சொன்னபடியே நடந்ததா என்பதில் அவருடைய ஆவணங்களை ஆராய்ந்தவர்களுக்கு ஐயம் உண்டு. ஐயமில்லாதது ஒன்று: அந்த ஆண்டுக்குப் பிறகு ஃபுல்லரின் வேலை முழுவதும் ஒரே திசையில் சென்றது. சாதாரணக் குடும்பத்துக்கு நல்ல வீடு கிடைக்க வேண்டும். அது தொழிற்சாலையில் கார் தயாராவதுபோலத் தயாராக வேண்டும்.

மூன்று டன் வீடு

1929இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு பல்பொருள் அங்காடியில் அவருடைய வீட்டு மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. நடுவே ஒரு கம்பம். அதிலிருந்து கம்பிகளால் தொங்கும் அறுகோண வீடு. அங்காடியின் விளம்பர ஆலோசகர் அதற்கு ‘டைமாக்ஸியன்’ என்று பெயர் சூட்டினார். பிறகு ஃபுல்லர் செய்த பலவற்றுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

1933இல் வந்தது டைமாக்ஸியன் கார். கப்பல் வடிவமைப்பாளர் ஸ்டார்லிங் பர்ஜஸுடன் சேர்ந்து கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் மூன்று கார்களைச் செய்தார். ஏறத்தாழ 20 அடி நீளம், மூன்றே சக்கரம், மீன் போன்ற உடல். முன்சக்கரங்கள் இழுக்கும், பின்சக்கரம் திரும்பும். குறுகலான இடத்திலும் சுழன்று திரும்பக்கூடிய அந்த வண்டி, வேகம் கூடும்போதும் குறுக்குக் காற்றிலும் தள்ளாடியது. அதே ஆண்டு அக்டோபரில், சிகாகோ உலகக் கண்காட்சி நடந்த சமயம், ஒரு விபத்தில் ஓட்டுநர் இறந்தார். மற்றொரு காரும் அந்த விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தது பிறகு தெரிய வந்தது. அதற்குள் வண்டியின் பெயர் கெட்டுவிட்டது. எஞ்சிய ஒரு கார் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வீட்டுக் கனவுக்கு இரண்டாம் உலகப் போரின் முடிவில் இன்னொரு வாய்ப்பு வந்தது. போர் முடிந்தால் விமானத் தொழிற்சாலைகளுக்கு வேலை இருக்காது. கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் இருந்த பீச் விமான நிறுவனம், அதே அலுமினியத்தையும் அதே தொழிலாளர்களையும் கொண்டு வீடு செய்ய முன்வந்தது. 36 அடி விட்டமுள்ள வட்ட வீடு. மொத்த எடை ஏறத்தாழ மூன்று டன். அந்தக் காலத்துச் சாதாரண அமெரிக்க வீட்டின் எடை அதைப் போலப் பல பத்து மடங்கு. கூரை உச்சியில் காற்றுக்கேற்பத் திரும்பும் காற்றுவாரி, சுழலும் அலமாரிகள், உலோகத் தகட்டாலான குளியலறை. உதிரி பாகங்களாகப் பிரித்து ஒரே லாரியில் ஏற்றிவிடலாம்.

ஆயிரக்கணக்கானோர் வீடு கேட்டு எழுதினார்கள். ஆனால் வடிவமைப்பு முழுமை பெறவில்லை என்று ஃபுல்லர் உற்பத்திக்குச் சம்மதிக்காமல் இழுத்தடித்தார். முதலீட்டாளர்கள் பொறுமை இழந்தார்கள், வீடு தயாரிக்கவென்று தொடங்கிய நிறுவனம் மூடப்பட்டது. மாதிரி வீடுகளின் பாகங்களை வாங்கி ஒருவர் தம் குடும்ப வீட்டோடு சேர்த்துக் கட்டி வாழ்ந்தார். அவற்றை மீட்டு ஒன்றாக்கிய வீடு இன்று மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் வீடு செய்யும் முயற்சிகளின் வரலாற்றில் இது பெரிய இழப்பு. அந்த இழப்பில் ஃபுல்லரின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

முக்கோணத்தின் பலம்

1948 கோடையில் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் பாடம் சொல்லச் சென்றார். ஜன்னல் திரைக்குப் பயன்படும் உலோகப் பட்டைகளைக் கொண்டு மாணவர்களோடு ஒரு குவிமாடம் எழுப்பப் பார்த்தார். அது எழவே இல்லை. தரையோடு படுத்துக் கிடந்தது. மறு ஆண்டு அதே கல்லூரியில் வேறு பொருளில் கட்டிய சிறு குவிமாடம் எழுந்து நின்றது. மாணவர்கள் அதில் தொங்கியும் காட்டினார்கள்.

ஜியோடெசிக் குவிமாடத்தின் தத்துவம் எளிது. சம முக்கோணங்களாலான இருபது முக வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகத்தையும் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, அவற்றின் முனைகளையெல்லாம் கோளத்தின் பரப்புவரை தள்ளுங்கள். கிடைக்கும் வலையில் எந்த இடத்தில் பாரம் விழுந்தாலும் அது அண்டை முக்கோணங்களுக்குப் பகிர்ந்துபோகும். நடுவில் தூண் தேவையில்லை. அதோடு, குறைந்த பரப்பால் மிக அதிக இடத்தை வளைத்து மூடும் வடிவம் கோளம்தான். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்காகும். உள்ளே கிடைக்கும் இடமோ எட்டு மடங்காகும்.

1953இல் ஃபோர்டு நிறுவனம் தன் 50ஆம் ஆண்டு விழாவுக்காக டியர்பார்னில் இருந்த வட்டக் கட்டடத்தின் நடு முற்றத்துக்குக் கூரை போட விரும்பியது. வழக்கமான எஃகுக் கூரை என்றால் 160 டன். கட்டடம் தாங்காது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஃபுல்லர் 93 அடி விட்டத்துக்குப் போட்ட அலுமினியக் கூரையின் எடை எட்டரை டன். மறு ஆண்டு ஜியோடெசிக் குவிமாடத்துக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதன் பிறகு குவிமாடங்கள் உலகெங்கும் போயின. அமெரிக்க மரைன் படையினர் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு எடுத்துச் சென்றார்கள். வடதுருவப் பகுதியில் ரேடார்களைப் பனிப்புயலிலிருந்து காத்தன. 1956இல் ஆப்கானிஸ்தானின் காபூல் வணிகக் கண்காட்சிக்கு 100 அடி விட்டமுள்ள குவிமாடம் விமானத்தில் போய் இறங்கியது. வண்ணம் பூசி அடையாளமிட்ட பாகங்களை உள்ளூர்த் தொழிலாளர்கள் இரண்டே நாளில் பூட்டி எழுப்பினார்கள். 1960இல் செயின்ட் லூயிஸ் தாவரவியல் பூங்காவில் வெப்பமண்டலச் செடிகளுக்கான ‘க்ளைமட்ரான்’ எழுந்தது. 1970களில் தென்துருவ ஆய்வு நிலையத்தை மூடியதும் ஜியோடெசிக் குவிமாடமே. அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

ஒழுகிய கூரைகள், விடுபட்ட பெயர்கள்

ஃபுல்லரை மதிப்பிடுவதென்றால் இந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். முக்கோணங்கள் கூடும் இடமெல்லாம் ஒரு மூட்டு. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் நூற்றுக்கணக்கான மூட்டுகளில் மழைநீர் வழி தேடிக்கொள்ளும். ஃபோர்டு கூரையும் ஒழுகியது. 1962இல் அதற்கு நீர்க்காப்புப் பூச்சு பூசும்போது தீப்பிடித்து முழுக் கட்டடமும் அழிந்தது. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 384 அடி விட்டத்தில் நின்ற ரயில் தொட்டி வண்டிப் பணிமனைக் குவிமாடத்தைப் பயன்பாடு இல்லாமல் கைவிட்டு, 2007இல் இடித்தார்கள்.

1960களின் கடைசியில், நகரத்தை வெறுத்து வெளியேறிய அமெரிக்க இளைஞர்கள் குவிமாடங்களில் குடியேறினார்கள். அவர்களுக்குக் கட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்த கையேடுகளை வெளியிட்டவர் லாயிட் கான். சில ஆண்டுகளிலேயே, குவிமாடம் வாழ்வதற்கு ஏற்றதல்ல என்று அறிவித்து அந்த நூல்களின் மறுபதிப்பை அவரே நிறுத்திவிட்டார். வளைந்த சுவரோடு கட்டிலும் அலமாரியும் பொருந்தாது. அறை பிரிப்பது கடினம். ஒருவர் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். முக்கோணமாக வெட்டும்போது பலகை வீணாகும். கண்காட்சிக்கும் பசுமைக்கூடத்துக்கும் பொருந்திய வடிவம் குடும்பம் நடத்தப் பொருந்தவில்லை.

பெருமையைப் பகிர்வதிலும் அவர் தாராளமாக இருக்கவில்லை. ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனப் பொறியாளர் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட், கோளரங்கத்துக்காக இதே வகைக் கூட்டை 1920களிலேயே எழுப்பிவிட்டார். ஒன்றையொன்று தொடாத கழிகளைக் கம்பிகளின் இழுவிசையே தாங்கி நிறுத்தும் ‘டென்செக்ரிட்டி’ அமைப்பை முதலில் செய்து காட்டியவர் பிளாக் மவுண்டன் மாணவர் கென்னத் ஸ்னெல்சன். ஃபுல்லர் அதற்குப் பெயர் வைத்துப் பரப்பினார். 1959இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வந்தபோது ஸ்னெல்சன் போராடித்தான் தம் பெயரைச் சேர்க்க வைத்தார். ஃபுல்லரின் சொந்தப் பங்கு என்பது, சிதறிக் கிடந்த உத்திகளைப் பொதுக் கணிதமாக்கியதும், எந்த அளவுக்கும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும் கட்டுமான முறையாக வளர்த்ததும்தான். அதுவே பெரிய சாதனை. பிறர் பெயரை மறைத்து அதைப் பெரிதாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத குவிமாடங்கள்

அவர் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பெரிய அங்கீகாரம் வந்தது. பல வைரஸ்களின் புரத உறை ஏன் உருண்டையாக இருக்கிறது என்ற கேள்விக்கு டொனால்ட் காஸ்பரும் ஆரன் க்ளூகும் 1962இல் விடை சொன்னபோது, ஃபுல்லரின் குவிமாடக் கணக்குகள் அவர்களுக்கு வழிகாட்டின. ஒரே மாதிரியான சிறு துண்டுகளை வைத்துப் பெரிய மூடிய கூட்டை உண்டாக்க இயற்கையும் அதே சிக்கன வழியையே பின்பற்றுகிறது. க்ளூக் 1982இல் வேதியியல் நோபல் பெற்றார்.

1985இல் டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் க்ரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி ஆகியோர் லேசரால் கிராஃபைட்டை ஆவியாக்கியபோது, 60 கார்பன் அணுக்கள் கொண்ட நிலையான மூலக்கூறு ஒன்று திரும்பத் திரும்பத் தென்பட்டது. 60 அணுக்களும் எப்படி அடுக்கப்பட்டிருக்கும்? மான்ட்ரியால் குவிமாடத்தை நேரில் கண்டிருந்த க்ரோட்டோவுக்கு அதன் நினைவு வந்தது. 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் சேர்ந்த மூடிய கூடு அது என்று முடிவு கட்டி, ‘பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன்’ என்று பெயரிட்டார்கள். 1996இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஃபுல்லர் அதைக் காணவில்லை. 1983 ஜூலை 1 அன்று, மயக்கநிலையில் இருந்த மனைவி ஆனின் மருத்துவமனைப் படுக்கையருகே அவருக்கு மாரடைப்பு வந்தது. அவர் இறந்து ஒன்றரை நாளில் ஆனும் காலமானார்.

பூமி என்னும் கப்பல்

1943இல் ‘லைஃப்’ இதழில் வெளியான அவருடைய உலகப் படம் கண்டங்களின் அளவையும் உருவையும் பெரிதாகச் சிதைக்காமல், நிலப்பரப்பு முழுவதையும் கிட்டத்தட்ட ஒரே கடலில் மிதக்கும் ஒரே தீவாகக் காட்டியது. பூமியை வளம் குறைந்த, கையேடு இல்லாத விண்கப்பலாகப் பார்க்கச் சொன்னார். 1969இல் அதற்கொரு கையேட்டையும் நூலாக எழுதினார். அதே ஆண்டு புதுதில்லியில் ஜவாஹர்லால் நேரு நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தினார். கோள் முழுவதற்குமான திட்டமிடல் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அகமதாபாத்தில் கௌதம் சாராபாயும் தங்கை கீராவும் அதற்கு முன்பே காலிகோ ஆலையின் துணிக்கடைக்காக அவர் வழியில் குவிமாடம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள்.

போர்த் தந்திரங்களை வகுப்பதுபோல, உலகின் உணவையும் எரிபொருளையும் உலோகத்தையும் கணக்கெடுத்து எல்லாருக்கும் போதுமாக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் ‘உலக விளையாட்டு’ ஒன்றையும் மாணவர்களுக்கு வகுத்துக் கொடுத்தார். அரசியலை ஒதுக்கிவிட்டு வடிவமைப்பால் மட்டுமே வறுமையை ஒழிக்கலாம் என்று அவர் நம்பியது பிழை. நிலம் யாருடையது, வளம் யார் கையில் என்ற கேள்விகளை எந்தக் குவிமாடமும் தீர்க்காது. ஆனால் எல்லாருக்கும் போதுமான அளவு இருக்க முடியும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட முயன்ற துணிவு, பற்றாக்குறையைச் சொல்லியே ஆட்சி நடந்த காலத்தில் மிகவும் தேவையாக இருந்தது.

நமக்கான கணக்கு

1978இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் நார்மன் ஃபாஸ்டர் கட்டிய செயின்ஸ்பரி கலை மையத்தைப் பார்த்த ஃபுல்லர், இந்தக் கட்டடத்தின் எடை என்ன என்று கேட்டார். ஃபாஸ்டரிடம் விடை இல்லை. பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது சுமார் 5,300 டன் என்று தெரிந்தது. அதில் பெரும்பகுதி, கண்ணில் படும் மேற்கட்டடத்தில் இல்லை. கீழே இருந்த கான்கிரீட்டில் இருந்தது. அழகுக்கும் பயனுக்கும் குறைவாக உதவிய பகுதியே அதிகக் கனம் சுமந்திருந்தது என்பதை ஃபாஸ்டர் தாம் கற்ற பாடமாகப் பின்னர் பலமுறை சொன்னார்.

அந்தக் கேள்விக்கு அன்று இருந்ததைவிட இன்று அவசரம் கூடியிருக்கிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சிமென்ட் தயாரிப்பில் சீனாவுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருப்பது இந்தியா. நம் ஆறுகளின் மணலும் மலைகளின் கல்லும் எங்கே போயின என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. நாம் வீடு கட்டும்போது சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்கிறோம், வாஸ்து கேட்கிறோம், எத்தனை டன் சிமென்ட், எத்தனை டன் கம்பி, இதில் எவ்வளவைக் குறைத்தாலும் கட்டடம் பத்திரமாக நிற்கும் என்று கேட்பதில்லை. கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவருக்கும் தேர்வில் அந்தக் கேள்வி அநேகமாக வருவதில்லை.

ஒருவர் மட்டும் கேட்டு என்ன ஆகும் என்று தோன்றலாம். பெரிய கப்பலின் சுக்கானைத் திருப்ப, அதன் ஓரத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். அந்தத் தகட்டை லேசாகத் திருப்பினால் சுக்கான் திரும்பும். சுக்கான் திரும்பினால் கப்பல் திரும்பும். தனிமனிதர் ஒருவர் அப்படிப்பட்ட தகடாக இருக்க முடியும் என்பதே ஃபுல்லரின் நம்பிக்கை. மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரின் மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில், தன்னை அந்தத் தகட்டின் பெயராலேயே அழைக்கும்படி கேட்கும் வாசகம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

குவிமாட வீட்டில் யாரும் குடியேற வேண்டியதில்லை. அடுத்த முறை வீடோ பள்ளியோ திருமண மண்டபமோ கட்டப் பொறியாளரோடு உட்காரும்போது, வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவருடைய கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கட்டடத்தின் எடை என்ன, அதில் எவ்வளவு தேவையில்லாதது? விடை தெரியாது என்றால் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.